நீங்காத நோயும் நெகிழும் நெஞ்சும்: ஏமி கார்மைக்கேலின் டோனாவூர் நூல்கள் இரண்டில் நம்பிக்கையும் பரிவும்

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஐம்பதாண்டு வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் (1867-1951) எழுதிய நூல்களுள் இரண்டு நோயை மையமாகக் கொண்டவை. புற்றுநோயால் 1915இல் மறைந்த பொன்னம்மாளின் வாழ்க்கையைக் கூறும் 'பொன்னம்மாள்: ஹெர் ஸ்டோரி' (1918) ஒன்று, படுக்கையில் விழுந்த பின் தாமே நோயாளராக எழுதிய 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' (1933) மற்றொன்று. முன்னது படுக்கையருகே நின்றவரின் எழுத்து. பின்னது படுக்கையில் கிடந்தவரின் எழுத்து. இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது, பின்னது முன்னதற்கு அவர் அறிந்தோ அறியாமலோ எழுதிய மறுப்புரையாகவும் அமைகிறது என இக்கட்டுரை வாதிடுகிறது. நோய் நீங்குவதையே நம்பிக்கையின் சான்றாகக் கொள்ளும் சாட்சி மரபில் நீங்காத நோய்க்கு உள்ள இடம், பரிவு உருவாகும் முறை, பொன்னம்மாளின் தமிழ்க் குரல் இழக்கப்பட்டமை ஆகியனவும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டோனாவூர், பொன்னம்மாள், ஏமி கார்மைக்கேல், புற்றுநோய், சாட்சி இலக்கியம், நோயெழுத்து, பரிவு

முன்னுரை

நோய் இலக்கியத்தின் பெரும்பொருள்களுள் ஒன்றாக மதிக்கப்படாமை குறித்து வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் ஒரு கட்டுரை எழுதினார். காதலுக்கும் போருக்கும் கிடைத்த இடம் காய்ச்சலுக்குக் கிடைக்கவில்லை என்பது அவருடைய வியப்பு. தமிழைப் பொறுத்தவரை இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. சூலை நோயால் துடித்தவரின் பாடலிலிருந்தே நாவுக்கரசரின் திருமுறை தொடங்குகிறது. அம்மை நோய் தெய்வத்தின் பெயரையே பெற்று, தாயாக அழைக்கப்பட்டு, வேப்பிலையோடும் தாலாட்டோடும் வழியனுப்பப்பட்டது. தமிழில் நோய் பேசப்படாமல் இல்லை. பேசப்பட்ட நோய் பெரும்பாலும் நீங்கிய நோயாக இருந்தது என்பதே சிக்கல்.

பெரியபுராணம் காட்டும் நாவுக்கரசர் வரலாற்றின் கட்டமைப்பு இதற்குத் தெளிவான சான்று. தருமசேனராகச் சமணத்தில் இருந்தவரைச் சூலை பற்றுகிறது, அங்குள்ள மருந்தும் மந்திரமும் பயன்படவில்லை, அவர் தமக்கையார் திலகவதியாரிடம் திரும்புகிறார், திருவதிகையில் பதிகம் பாடுகிறார், சூலை அகல்கிறது. நோய் வழிகாட்டியாகவும் நலம் பெறுதல் முத்திரையாகவும் செயல்படுகின்றன. நோய் அகலாமல் இருந்திருந்தால் அந்த வரலாறு எவ்வாறு எழுதப்பட்டிருக்கும் என்னும் வினாவுக்குப் புராணத்தில் இடமில்லை. அவ்வினாவுக்கு விடை தேட வேண்டிய கட்டாயம் டோனாவூரில் நேர்ந்தது.

சாட்சி என்னும் வகைமை

திருநெல்வேலித் திருச்சபையின் வாய்மொழி வகைமைகளுள் மிகுந்த உயிர்ப்புடையது 'சாட்சி'. ஞாயிறு ஆராதனையிலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் எழுந்து நின்று, கர்த்தர் தமக்குச் செய்ததைக் கூறி, ஸ்தோத்திரம் சொல்லி அமர்வது அதன் வடிவம். நோயிலிருந்து மீண்டோர் சாட்சி அதில் பெரும்பங்கு. மருத்துவர் கைவிட்டது, சபை கூடி ஜெபித்தது, அடுத்த பரிசோதனையில் கட்டி காணாமற் போனது, காணிக்கை படைத்தது என்ற வரிசை கேட்போர் அனைவரும் அறிந்தது. இதை எள்ளுவதற்கில்லை. அச்சத்தில் கிடக்கும் ஒருவருக்கு முன்னொருவர் எழுந்து நின்று தாம் பிழைத்ததைச் சொல்வது பெரும் துணை.

ஆயினும் சாட்சிக்கு ஒரு வாயில் உண்டு. அதன் வழியே எல்லோரும் நுழைய முடியாது. பிழைத்தவர் மட்டுமே எழுந்து நிற்க இயலும். மூன்றாம் முறையும் அறுவைக்குப் போகும் பெண், வலி குறையாமல் வீடு திரும்பும் முதியவர், தம் குழந்தைக்காக ஜெபித்தும் குழந்தையைப் புதைத்தவர் ஆகியோர் பின்வரிசையில் அமைதியாக இருப்பர். அவர்களுடைய நம்பிக்கை குறைவானது என்னும் ஐயம் எவராலும் வாய்விட்டுக் கூறப்படாமலே அவையில் நிற்கும். இந்த ஐயமே நோயைக் காட்டிலும் கொடியதாக அவர்களை வருத்தக்கூடும்.

நோயெழுத்தை ஆராய்ந்த ஆர்தர் ஃபிராங்க், தாமே புற்றுநோய்க்கு ஆட்பட்டு மீண்டவர். 1995இல் வெளிவந்த நூலில் நோய்க்கதைகளை மூவகையாக அவர் பகுத்தார். நலமாக இருந்தேன், நோயுற்றேன், மீண்டும் நலமானேன் என்பது மீட்புக் கதை. ஒழுங்கின்றி, விடிவின்றிச் சிதறுவது குலைவுக் கதை. நோயை ஒரு பயணமாக ஏற்று அதில் பெற்றதைப் பிறருக்குக் கொண்டுவருவது தேடல் கதை. நாவுக்கரசர் வரலாறும் சபைச் சாட்சியும் முதல்வகை. திருநெல்வேலியின் கிறித்தவக் காப்பியமோ மூன்றாம் வகைக்கு நெருக்கமானது: பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் உருவகக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் வெளியிட்டார். அங்குத் துன்பம் வழியில் வரும் ஓரிடம். பயணி அதைக் கடக்கிறான். கடக்க இயலாமல் அதே கட்டிலில் இருபதாண்டு கிடப்பவருக்கு யாத்திரிகன் உருவகம் எவ்வளவு பொருந்தும் என்பது தனி வினா.

பொன்னம்மாள்: படுக்கையருகே நின்றவர் எழுதிய கதை

அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு திருநெல்வேலிப் பகுதிக்கு வந்து, மிஷனரி தாமஸ் வாக்கரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் தங்கித் தமிழ் கற்றார். தாமிரபரணியின் கீழ்ப்பாசனப் பகுதியில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகிலுள்ள பண்ணைவிளை அவர்களுடைய தொடக்ககால இருப்பிடம். ஊர் ஊராகச் சென்று பெண்களிடையே பணியாற்றிய சிறு மகளிர் குழு ஒன்று அங்கு உருவாயிற்று. 'நட்சத்திரக் கூட்டம்' எனப் பெயர்பெற்ற அக்குழுவில் இருந்தவர் பொன்னம்மாள், இளவயதிலேயே கணவரை இழந்தவர். அக்காலத்துக் கைம்பெண் ஒருத்தி புகுந்த வீட்டை விட்டு வெளியேறி ஊர் ஊராகச் செல்வது எவ்வளவு பெரிய முடிவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

1901இல் கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தி தப்பி வந்து சேர்ந்ததிலிருந்து அக்குழுவின் பணி திசைமாறியது. அதே ஆண்டில் அவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூருக்குக் குடிபெயர்ந்தனர். இரேனியுஸ் காலத்தில், 1827இல், உதவிய ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயரால் அமைந்த கிறித்தவக் குடியிருப்பு அது. குழந்தைகள் பெருகினர், கைக்குழந்தைகளும் வந்தனர். தாய்ப்பாலின்றி வந்த சிசுக்களைக் காக்க மருத்துவ வசதி இன்றியமையாதது என்பதால், இலண்டன் மிஷன் மருத்துவமனை இருந்த நெய்யூரில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பு பொன்னம்மாளிடம் இருந்தது. எவர் பெற்றதென்று அறியாத பிள்ளைகளுக்கு இரவும் பகலும் பாலூட்டித் துடைத்துத் தூங்கவைத்த பணி அது. ஏட்டில் வரும் 'பரிவு' அங்கே ஈரத்துணியாகவும் பால்புட்டியாகவும் இருந்தது.

1913இல் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நாகர்கோவிலில் அறுவை மேற்கொள்ளப்பட்டது. ஏமி உடன் சென்று தங்கினார். ரேடியம் கண்டறியப்பட்டுப் பதினைந்தாண்டுகள் ஆகியிருந்தபோதிலும், தென் தமிழகத்துப் பெண்ணொருத்திக்கு அதன் பயன் எட்டும் காலம் அன்று வரவில்லை. கத்திக்குப் பின் எஞ்சியது காத்திருப்பு. நெய்யூர் மருத்துவமனையோ, எவரெஸ்ட் பயணங்களால் அறியப்பட்ட அறுவை மருத்துவர் சோமர்வெல் 1920களில் பொறுப்பேற்ற பின், வெற்றிலை புகையிலையால் வரும் வாய்ப்புற்றுக்கான சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. இன்றும் அங்கு ஒரு புற்றுநோய் மையம் இயங்குகிறது. பொன்னம்மாள் பிள்ளைகளைக் காத்த ஊருக்கு அவரைக் காக்கும் கருவி வந்து சேர ஒரு தலைமுறை தாமதமாயிற்று. ஏறத்தாழ இரண்டாண்டு வலிக்குப் பின் 1915இல் அவர் மறைந்தார்.

மூன்றாண்டு கழித்து வெளிவந்த வாழ்க்கை வரலாற்றின் தலைப்பு கவனிக்கத்தக்கது. 'பொன்னம்மாள்: அவள் கதை' என்பது அதன் பொருள். உடைமை அவளுடையது, எழுதுகோல் மற்றவருடையது. அவர் பேசிய தமிழ் ஆங்கிலமாகி, அயல்நாட்டு வாசகர் முன் நிற்கிறது. மிஷன் ஆதரவாளர்களுக்காக எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகளுக்கென ஓர் எதிர்பார்ப்பு இருந்தது: இறப்பு அழகியதாக இருத்தல் வேண்டும்; வலி பொறுமையை விளக்குதல் வேண்டும்; இறுதி நாள் ஒளியுடன் முடிதல் வேண்டும். ஏமி இவ்வெதிர்பார்ப்புக்கு முற்றும் அடங்கியவர் அல்லர். 1903இல் வந்த தம் முதல் புகழ்பெற்ற நூலுக்கு 'உள்ளது உள்ளபடி' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, இனிக்கும் மிஷன் அறிக்கைகளுக்கு எதிராக எழுதியவர் அவர். எனினும் நெருங்கிய தோழியின் நோயை அருகிருந்து கண்டவர், அதற்கு ஒரு பொருள் காணாமல் எழுதியிருக்க இயலாது. 1912இல் வாக்கரும் 1913இல் தாயாரும் மறைந்த துயரின்மேல் வந்த துயரம் இது. பொருள் தேடும் தேவை எழுதியவருக்கு இருந்தது. அத்தேவையைப் பொன்னம்மாளும் பகிர்ந்துகொண்டாரா, பொருளைக் காட்டிலும் வலி தணிக்கும் மருந்தையும் ஒரு நல்ல உறக்கத்தையும் வேண்டினாரா என்பதை அந்நூலிலிருந்து முழுமையாக அறிய வழியில்லை. படுக்கையருகே நிற்பவரின் எழுத்துக்கு உள்ள எல்லை இது. அதை எழுதியவரின் குறையாகக் கொள்ளலாகாது.

களக்காட்டுக் குழி

1931 செப்டம்பர் 24 அன்று, தாமிரபரணியின் கிளையாறான பச்சையாற்றுப் பகுதியிலுள்ள களக்காட்டில், பணிக்கென ஏற்பாடு செய்யப்பட்ட வீட்டைப் பார்வையிடச் சென்ற ஏமி, கழிப்பறைக்கெனத் தோண்டப்பட்டிருந்த குழியில் இருளில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகெலும்பும் தாக்குற்றது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றே அனைவரும் எண்ணினர். 1951 ஜனவரி 18இல் மறையும் வரை, ஏறத்தாழ இருபதாண்டு, அவர் தம் அறையைச் சார்ந்தே வாழ்ந்தார்.

விபத்து நடந்த நாளின் காலையில், பிறருக்கு உதவத் தம்மைத் தகுதியாக்கும் எதையும் செய்தருளுமாறு ஏமி வேண்டிக்கொண்டதாகப் பதிவு உண்டு. பிற்காலப் பக்தி நூலாசிரியர்கள் இதைப் பெரிதும் விரும்பி எடுத்தாள்வர். காலையில் வேண்டுதல், மாலையில் வீழ்ச்சி. ஆகவே வீழ்ச்சி விடை என்று முடிப்பர். இக்கோவையில் ஆபத்து இருக்கிறது. குழியை மூடாமல் விட்ட மனிதக் கவனக்குறைவு தெய்வத் திட்டமாக மாறிவிடுகிறது. இதே கணக்கைப் பொன்னம்மாளின் கட்டியின்மீது போட்டால் என்ன கிடைக்கும்? எந்த வேண்டுதலுக்கு அது விடை? எத்தகைய தகுதிக்கு அது பயிற்சி? நெய்யூரில் குழந்தைகளைக் காத்தவருக்குப் பரிவு கற்பிக்கப் புற்று வர வேண்டியிருந்ததா? நோயைப் பாடமாக்கும் இறையியல், தனக்கு நேர்ந்ததைப் பற்றி ஒருவர் கூறும்போது பணிவாக ஒலிக்கிறது. அதுவே பிறருக்கு நேர்ந்ததைப் பற்றிக் கூறப்படும்போது கொடுமையாகிறது. யோபுவின் நண்பர்கள் பேசியவற்றில் பொய் குறைவு. அவர்கள் பேசிய இடமே தவறு.

சூசன் சொண்டாக் 1978இல் நோய் உருவகம் பற்றி எழுதியபோது, மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவராக இருந்தும் தம் நோயை நூலில் பேசவில்லை. புற்றை ஒடுக்கப்பட்ட உணர்ச்சியின் விளைவாகவோ தண்டனையாகவோ காணும் பேச்சு நோயாளரைக் கூடுதலாகத் தண்டிக்கிறது என்பதே அவர் வாதம். தமிழ்ச்சொல் 'புற்று' கூட ஓர் உருவகமே. மண்ணுக்குள் கண்ணில் படாமல் பரவி வெளியே மேடாக எழுவது என்ற காட்சியை அது தருகிறது. நண்டைக் குறிக்கும் மேலைச் சொல்லைக் காட்டிலும் நோயின் போக்கை நுட்பமாக உணர்த்துகிறது. ஆனால் அச்சொல்லில் குற்றம் இல்லை, குற்றவாளியும் இல்லை. 'பாவத்தின் சம்பளம்' என்ற பேச்சு பின்னர் வந்து ஏறியது.

நலமுடையோர் எழுத்தின்மீது ஒரு சினம்

'ரோஸ் ஃப்ரம் பிரையர்' 1933இல் வந்தது. முட்செடியில் பூத்த ரோஜா என்பது தலைப்பின் கருத்து. டோனாவூரோடு தொடர்புடைய நோயாளர் குழுவினருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து உருவான நூல் இது. நோயாளர் நோயாளருக்கு எழுதியது என்பதே அதன் தனித்தன்மை. நலமாக இருப்போர் நோயாளருக்கென எழுதி அனுப்பிய சிறு நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் தமக்கு உதவவில்லை என ஏமி அதில் வெளிப்படையாகவே கூறுகிறார். அவற்றில் பொய் இல்லை. வலி அறியாத குரல் இருக்கிறது. கரையில் நிற்பவர் நீரின் ஆழத்தைப் பற்றி உரையாற்றுவது போன்றது அது.

பக்தி இலக்கியத்தில் அரிதான இச்சினத்தை ஏமியின் தனிக் குணமாக மட்டும் வாசிப்பது போதாது. அவர் தாமும் ஒரு காலத்தில் கரையில் நின்றவர். ஒரு தோழியின் புற்றுநோயைப் பற்றி, நடமாடும் உடலோடு, மேசையில் அமர்ந்து, ஒரு நூல் எழுதியவர். நலமுடையோர் எழுத்து நோயாளருக்குப் பயன்படாது என்று கூறும்போது, 1918இல் தாம் எழுதியதும் அவ்வகையில் அடங்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றியிருக்குமா? நூலில் அத்தகைய ஒப்புதல் தேடுவது வீண். எனினும் இரண்டு நூல்களுக்கும் இடையிலான தொலைவை அளப்பவர்க்கு, முன்னதன் நம்பிக்கையைப் பின்னதன் வலி சோதித்திருப்பது புலப்படும். முன்னது ஒரு வாழ்வை முழுமையாக்கிக் காட்ட விழைகிறது. பின்னது எதையும் முழுமையாக்குவதில்லை; ஒரு கடிதம் முடிகிறது, வலி தொடர்கிறது, அடுத்த கடிதம் தொடங்குகிறது.

கடித வடிவத்தின் சிறப்பு இங்கே விளங்குகிறது. சாட்சி முடிந்த கதையைக் கோருகிறது. வாழ்க்கை வரலாறும் அவ்வாறே. கடிதமோ எழுதும் நாளின் உடல்நிலைக்கு மேல் எதையும் அறியாது. நாளை என்ன ஆகும் என்பது எழுதுபவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. இருவரும் ஒரே மட்டத்தில் கிடக்கின்றனர். ஃபிராங்கின் பகுப்பில் இது தேடல் கதையின் பக்கம் சாய்ந்தாலும், பயணம் முடிந்து திரும்பியவரின் குரல் இதில் இல்லை என்பதால் அவ்வகைக்கும் முற்றும் பொருந்துவதில்லை. பகுப்புகள் உதவும் அளவுக்கு உதவட்டும்.

ஏற்பு

நம்பிக்கையைக் 'கண்டடைதல்' என்னும் தொடர் பொன்னம்மாளுக்கோ ஏமிக்கோ நேரடியாகப் பொருந்தாது; இருவரும் நோய்க்கு நெடுங்காலம் முன்பே நம்பிக்கையுடையோர். ஆனால் நோய்க்கு முந்தைய நம்பிக்கையும் நோய்க்குள் எஞ்சும் நம்பிக்கையும் ஒன்றல்ல. முந்தையதற்கு ஒரு பணி உண்டு, பயன் உண்டு, நாள்தோறும் எழுந்து ஓட ஒரு காரணம் உண்டு. எழுந்திருக்க முடியாதவரின் நம்பிக்கைக்கு அவை எதுவும் துணை வாரா. அந்த நிலையில் எஞ்சுவதற்கு ஏமி வைத்த பெயர் 'ஏற்பு'.

அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்று அமைதி எங்கே உள்ளது என்று தேடுகிறது. மறதி, ஓயாத உழைப்பு, ஒதுங்கியிருத்தல், பணிந்துபோதல் ஆகிய ஒவ்வொன்றையும் சோதித்துத் தள்ளிவிட்டு ஏற்பில் வந்து நிற்கிறது. பணிந்துபோதலும் தள்ளப்படுவதுதான் இங்கு முக்கியமானது. பணிதல் வேறு வழியின்றித் தலை குனிவது; ஏற்றல் கை நீட்டிப் பெறுவது. தமிழ் வழக்கில் இவ்விரண்டும் எளிதில் கலந்துவிடுகின்றன. 'விதியே' என்று நெற்றியில் அடித்துக்கொள்வதும் 'சித்தம் போல ஆகட்டும்' என்பதும் வாயளவில் ஒன்றுபோல ஒலிக்கும். புறநானூற்றுக் கணியன் பூங்குன்றனாரின் பாட்டு மூன்றாவது ஒன்றைச் சொல்கிறது: ஆற்றின் போக்கில் செல்லும் புணைபோல் உயிர் செல்வதை அறிந்தவர், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வதும் இல்லை. அதன் பெருமை குறைவற்றது. ஆனால் அது அறிவினால் எய்திய சமநிலை. உடல் வலியில் துடிக்கும் நள்ளிரவுக்கு உரியதன்று. ஏமி தள்ளும் 'ஒதுங்கியிருத்தல்' இச்சமநிலைக்கு அருகில் உள்ளது. அவர் வேண்டுவது வலியின்மேல் நின்று பார்க்கும் தெளிவன்று. வலிக்குள்ளிருந்தே மற்றவரை நோக்கித் திரும்பும் முகம்.

ஏற்பைப் புகழ்வதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஏமிக்கு ஓர் அறை இருந்தது; அன்போடு கவனிக்கும் மகளிர் இருந்தனர்; டோனாவூரிலேயே மருத்துவர்கள் இருந்தனர்; எழுத ஓய்வும் வெளியிடப் பதிப்பகமும் இருந்தன. கூலி வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டின் நோயாளிக்கு ஏற்பு என்பதை அதே பொருளில் எடுத்துரைக்க முடியுமா? சிகிச்சைக்குப் பணம் இல்லாதவரிடம் ஏற்பைப் பற்றிப் பேசுவது, கிடைக்க வேண்டிய மருந்தை மறுப்பதற்குத் துணைபோகக் கூடாது. டோனாவூர் இதை உணர்ந்தே இருந்தது என்பதற்கு அதன் மருத்துவமனை சான்று. ஏற்பை எழுதியவரின் குழுவே நோயை எதிர்க்கும் கட்டடத்தையும் எழுப்பியது. இதில் முரண் இல்லை. வலியை ஏற்பவர் தம் வலியை மட்டுமே ஏற்க உரிமையுடையவர். பிறர் வலியை எதிர்த்தே ஆக வேண்டும்.

பரிவு பிறக்கும் இடம்

வள்ளுவர் அருளை அன்பு ஈன்ற குழந்தையாகவும் செல்வத்தை அதை வளர்க்கும் செவிலியாகவும் உருவகிப்பார். தொடர்புடையோர்மீது தோன்றுவது அன்பு. அது முதிர்ந்து தொடர்பற்றோர்மீதும் செல்வது அருள் என்பது உரைமரபு. தமிழ் விவிலியத்தில் இயேசு கூட்டத்தாரைக் காணும்போது வரும் சொல் 'மனதுருக்கம்'. அதற்கு மூலமான கிரேக்கச் சொல் குடலை அடியாகக் கொண்டது. அடிவயிறு அசைவது போன்ற இரக்கத்தைக் குறிப்பது. 'வயிறு எரிகிறது', 'பெற்ற வயிறு' என்று பேசும் நெல்லை வழக்குக்கு அது அந்நியமானதன்று. மொழிபெயர்ப்பாளர் வயிற்றை விட்டு மனத்தைத் தேர்ந்தது ஒருவகை இழப்பே.

நோய் தானாகவே பரிவைத் தருவதில்லை. நீண்ட நோய் பலரைத் தன்னுள் சுருக்கிவிடுகிறது. வலி உள்ளவருக்கு உலகம் கட்டிலின் அளவாகிவிடும். இது குற்றமன்று, உடலின் இயல்பு. ஆகவே நோயினால் பரிவு வந்தது என்று கூறுவதைக் காட்டிலும், நோய் இருந்தும் பரிவு அழியாமல் நின்றது என்று கூறுவது உண்மைக்கு நெருக்கமானது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில், தாம் பெற்ற ஆறுதலையே பிறருக்கு ஆறுதலாக அளிக்கும் கருத்து வருகிறது. அதே நிருபத்தின் பிற்பகுதியில், மும்முறை வேண்டியும் நீங்காத முள் வருகிறது. ஏமியின் தலைப்பு இவ்விரண்டையும் ஒரே செடியில் வைக்கிறது. வேண்டுதல் நிறைவேறாமை நம்பிக்கையின் தோல்வியன்று என்பதற்கு நிருபத்தின் ஆசிரியரே சான்றாக இருக்கும்போது, சாட்சிக் கூட்டத்தின் பின்வரிசையில் இருப்போர் தலைகுனிய வேண்டியதில்லை. சபைப் பேச்சில் போதிய அளவு எடுத்துரைக்கப்படாத வாதம் இது.

பொன்னம்மாளிடத்தில் பரிவு நோய்க்கு முந்தையது. நெய்யூர் இல்லமே அதற்குச் சான்று. அவர் மறைந்த அடுத்த ஆண்டில், 1916இல், டோனாவூரில் 'பொதுவாழ்வின் சகோதரிகள்' என்ற மகளிர் குழு அமைந்தது. ஜெபத்தையும் பாத்திரம் கழுவுவதையும் ஒன்றாகக் கருதும் ஐரோப்பிய இடைக்கால மரபொன்றின் பெயரை அது தாங்கியது. அப்பெயர் வருவதற்கு முன்பே அப்பணியைச் செய்துகாட்டியவர் தாமிரபரணிக் கரையின் ஒரு கைம்பெண். இவ்வரிசை வரலாற்றில் போதிய அழுத்தம் பெறவில்லை.

சுகம் என்னும் சொல்லும் இழந்த குரலும்

டோனாவூர் மருத்துவமனைக்கு இடப்பட்ட பெயர் 'பரம சுக சாலை'. பெயரைப் பிரித்துப் பார்த்தல் தகும். 'சாலை' அறச்சாலை, பாடசாலை ஆகியவற்றின் வழிவந்தது. 'பரம' விண்ணுக்குரியதைச் சுட்டும். 'சுகம்' இரட்டைப் பொருளுடையது. நெல்லைப் பேச்சில் 'சுகமில்லை' என்றால் நோய். 'சுகமாயிட்டு' என்றால் நோய் நீங்கியது. இலக்கிய வழக்கில் சுகம் இன்பம், பேரின்பம். பழைய தமிழ் விவிலியத்தில் வரும் 'சொஸ்தம்' இவ்விரட்டைத்தன்மை அற்றது. உடல் தன் நிலைக்குத் திரும்புவதை மட்டுமே அது குறிக்கும். 'சொஸ்த சாலை' என்று பெயரிட்டிருந்தால், சொஸ்தமாகாமல் இறந்தவர் அங்கே தோல்வியுற்றவர் ஆவார். 'சுக சாலை'யில் அவருக்கும் இடமுண்டு. பெயரிட்டவர்கள் இவ்வளவும் எண்ணியிருந்தார்களா என்பது வேறு. சொல் அவ்வளவையும் தாங்குகிறது.

மீட்புக் கதைக்குள் அடங்காத நோய்க்குத் தமிழ்க் கிறித்தவ மொழியிலேயே ஒரு சொல் இருந்திருக்கிறது என்பது சிறிய செய்தியன்று. ஆனால் அச்சொல்லைக் கொண்டு தம் நோயைப் பேசிய தமிழ்ப் பெண்ணின் எழுத்து டோனாவூர் நூல்வரிசையில் கிடைப்பதில்லை. பிற பெண்களின் கதைகளையும் ஏமி எழுதினார். எழுதுகோல் பெரும்பாலும் ஒரே கையில் இருந்தது. இதனை ஆதிக்கம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுதல் எளிது. அவர் எழுதாவிடில் பொன்னம்மாள் என்னும் பெயரே இன்று எஞ்சியிராது. இருந்தபோதிலும் நோயாளர் நோயாளருக்கு எழுத வேண்டும் என்ற 1933ஆம் ஆண்டின் நெறியை 1913க்கும் 1915க்கும் இடைப்பட்ட நாகர்கோவில் கட்டிலுக்குப் பொருத்திப் பார்க்கும் கடமை ஆய்வாளருக்கு உண்டு.

அப்பணியில் இறங்கும் மொழிபெயர்ப்பாளர் சந்திக்கப்போகும் இடர் ஒன்றுண்டு. 'பொன்னம்மாள்: ஹெர் ஸ்டோரி'யைத் தமிழாக்குதல் வழக்கமான மொழிபெயர்ப்பாகாது. அதில் பொன்னம்மாள் பேசும் இடங்களெல்லாம் முன்பே ஒருமுறை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. அவற்றைத் திரும்பக் கொண்டுவருபவர், தம் உடலைப் பற்றி அப்பெண் 'சொஸ்தம்' என்றாரா, 'சுகம்' என்றாரா, 'வலி குறையட்டும்' என்று மட்டும் சொன்னாரா எனத் தேர்ந்தாக வேண்டும். விவிலியத் தமிழைத் தேர்ந்தால் அவர் சாட்சி கூறியவராவார். பண்ணைவிளை வட்டாரத்துப் பேச்சைத் தேர்ந்தால் நோயுற்ற ஒரு பெண்ணாவார். ஆங்கில நூல் அவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.